பேஸ்புக் முதலீட்டில் பணம் போடும் முன்பும், போட்ட பின்பும்: தோட்டத்து மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். பிறப்புப் பத்திர நகல், சேமநிதி பாரம், பள்ளிப் பிள்ளைகளின் ஃபோலியோ, இவைதான் என் அன்றாட வேலை. சில வருடங்களாக இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. கைப்பேசியை நீட்டி, குரலைத் தாழ்த்தி, "தம்பி, இதெல்லாம் பிரிண்ட் எடுக்கணும், போலீஸ்ல கேட்டாங்க" என்பார்கள். கடையில் வேறு ஆள் நின்றால் அவர் போகும்வரை வெளியே ஐந்தடியில் (கடை முன் நடைபாதையில்) நிற்பார்கள். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீதுகள், ஏதோ ஓர் ஆப்பில் பச்சை எழுத்தில் ஏறிக்கொண்டே போகும் லாபக் கணக்கு. பக்கம் பக்கமாக வெளியே வரும்.

அப்படி என்னிடம் வந்தவர்களில் ஒருவர் என் சின்னம்மா. பால்மரம் வெட்டி (ரப்பர் பால் எடுத்து), பிறகு செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கி, 29 வருடம் தோட்டத்தில் உழைத்தவர். 55 வயதில் எடுத்த சேமநிதிப் பணத்தில் 38,000 வெள்ளி (ரிங்கிட்) பதினேழே நாளில் போய்விட்டது. அவர் வீட்டுக்கும் என் கடைக்கும் மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். அந்தப் பதினேழு நாளில் மூன்று முறை கடைக்கு வந்திருக்கிறார், தேத்தண்ணி குடித்திருக்கிறார். இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். மோசடிக்காரர்கள் செய்வதெல்லாம் உங்களைத் தனியாளாக்கும் வேலை. கீழே உள்ள ஒவ்வொரு படியும் உங்கள் பக்கத்தில் இன்னொரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலை.

வலை எப்படி விரிக்கப்படுகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏமாந்த பலர் என்னிடம், "இது மோசடின்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கேன், ஆனா அது வேற மாதிரி இருக்கும்னு நெனச்சேன்" என்கிறார்கள்.

முதலில் பேஸ்புக்கிலோ டிக்டோக்கிலோ ஒரு விளம்பரம். பிரதமரோ, பெரிய வியாபாரியோ, புகழ்பெற்ற பாடகியோ பேசுவது போல ஒரு வீடியோ. முகமும் குரலும் செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்டவை. வாய் அசைவு கொஞ்சம் தாமதமாக வரும், கண் இமைப்பது இயல்பாக இருக்காது. சின்னத் திரையில் பார்க்கும் ஐம்பது வயதுக்காரருக்கு அது தெரியாது. தெரியவில்லையே என்று அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

விளம்பரத்தைத் தொட்டால் வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ போகும். அங்கே ஓர் 'உதவியாளர்' பேசுவார். சின்னம்மாவிடம் பேசியவள் தமிழிலேயே எழுதினாள். "அம்மா சாப்டீங்களா? மருந்து போட்டீங்களா?" என்று தினமும் காலையில் கேட்டிருக்கிறாள். பிள்ளைகள் ஒருவர் ஜோகூரிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் வீட்டில், அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை. இதை எழுதும்போது எனக்கும் உறுத்துகிறது. பக்கத்தில் இருந்த நானும் கேட்கவில்லை.

பிறகு ஒரு குரூப்பில் சேர்த்தார்கள். 214 பேர். 'பேராசிரியர்' என்று ஒருவர் எந்தப் பங்கை வாங்க வேண்டும், எப்போது விற்க வேண்டும் என்று சொல்வார். உடனே பத்து பேர் ரசீது போட்டு நன்றி சொல்வார்கள். "சார், 4,000 வெள்ளி எடுத்துட்டேன், மகள் கல்யாணத்துக்கு உதவுச்சு." பின்னால் நானும் சின்னம்மாவும் உட்கார்ந்து அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 214 பேரில் சின்னம்மாவுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்: அவருக்கு அந்த இணைப்பை அனுப்பிய பக்கத்து லயத்து (தோட்ட வரிசை வீட்டு) அக்கா. அந்த அக்காவும் 3,000 வெள்ளி இழந்திருந்தார். மற்ற நன்றிகள் எல்லாம் அவர்களே ஆள் வைத்துப் போட்டவை.

முதலில் 300 வெள்ளி போட்டார். மறுநாள் 360 வெள்ளி அவருடைய வங்கிக் கணக்குக்கே வந்து சேர்ந்தது. அந்தப் பணத்தில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பேரனுக்குச் சப்பாத்து வாங்கினார். இந்த 360 வெள்ளிதான் மொத்த மோசடியின் ஆணிவேர். அதற்குப் பிறகு நான் என்ன சொல்லியிருந்தாலும், "எனக்குக் கைக்கு வந்துச்சே" என்றுதான் பதில் வந்திருக்கும். தூண்டிலில் மாட்டும் புழுவுக்கு மீனவன் கணக்குப் பார்ப்பதில்லை.

அதன் பிறகு 2,000, 5,700, 12,000, 18,000. ஆப்பில் இருப்பு 91,000 வெள்ளி என்று காட்டியது. பெரிய தொகைக்கு வங்கிக்குப் போனபோது, கவுண்டரில் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதைக்கூட அந்தப் பெண் சொல்லிக் கொடுத்திருந்தாள்: "வீடு ரிப்பேருக்குன்னு சொல்லுங்கம்மா, முதலீடுன்னு சொன்னா கமிஷன் புடிப்பாங்க." சின்னம்மா அப்படியே சொன்னார்.

பணத்தை எடுக்கப் போனபோது, "வரி 6,500 வெள்ளி கட்டினால்தான் கணக்குத் திறக்கும்" என்றார்கள். அந்த 6,500 வெள்ளியைக் கைமாற்றாகக் கேட்கத்தான் சின்னம்மா என் கடைக்கு வந்தார். அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

நம் மக்கள் ஏன் இதில் விழுகிறார்கள்

பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. கூட்டுப் போட்டுப் பணம் சேர்ப்பது நம் ரத்தத்தில் ஊறியது. லயத்தில் பத்துப் பேர் சேர்ந்து மாதம் நூறு வெள்ளி கூட்டுப் போடுவார்கள், ஒருவருக்குக் கல்யாணம் என்றால் முதல் தவணை அவருக்குப் போகும். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களிடம் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்க வைத்தார். சேர்ந்து போட்ட பணம் பெருகும் என்பதை நம் பாட்டிகள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் திருடுகிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான். கூட்டுறவுச் சங்கம் சட்டப்படி பதிவு பெற்றது, கணக்குத் தணிக்கை உண்டு, ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். டெலிகிராம் குரூப்பில் கேள்வி கேட்டால் அடுத்த நிமிடம் வெளியேற்றிவிடுவார்கள்.

முன்பும் நடந்ததுதான். 1980களின் இறுதியில் நம் பேராக்கிலேயே, தைப்பிங்கில், பாக் மான் தெலோ என்று அழைக்கப்பட்டவரின் திட்டத்தில் பல்லாயிரம் பேர் பணம் போட்டார்கள். புதிதாக வருபவர் பணத்தை எடுத்து முன்பு வந்தவருக்கு 'லாபம்' என்று கொடுப்பார்கள். புது ஆள் வருவது நின்றதும் மொத்தமும் சரியும். 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்ல்ஸ் பொன்சி 45 நாளில் 50 விழுக்காடு தருகிறேன் என்று செய்ததும் இதே கணக்குத்தான். இப்போது அது கைப்பேசிக்குள் வந்திருக்கிறது, முகம் தெரியாமல்.

முதல் படி: பணம் போடும் முன் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்

ஒரு ராத்திரி காத்திருங்கள். மறுநாள் வீட்டில் ஒருவரிடம், அல்லது உங்களிடம் பணம் கேட்காத ஒருவரிடம், முழுவதையும் சொல்லுங்கள்: யார் சொன்னது, எவ்வளவு, எந்தக் கணக்குக்கு. "இன்னைக்கு ராத்திரி பன்னிரண்டு மணியோட ஸ்லோட் முடிஞ்சிடும்" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நல்ல முதலீடு நாளைக்கும் இருக்கும்.

"வீட்டில் சொல்லாதீர்கள்" என்று யாராவது சொன்னால், அதற்கு மேல் எதையும் ஆராய வேண்டாம். அது மோசடி.

இரண்டாம் படி: லாபக் கணக்கைப் பென்சிலில் போடுங்கள்

ஊழியர் சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்குக் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. எண்ணற்ற நிபுணர்களை வைத்து, உலகம் முழுக்க முதலீடு செய்து, அது கொடுத்தது 1,000 வெள்ளிக்கு வருடத்துக்கு 63 வெள்ளி. அதை நல்ல வருடம் என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

வாரம் 10 விழுக்காடு என்று ஒருவர் சொன்னால், லாபத்தையும் சேர்த்துப் போட்டுக்கொண்டே போனால் 1,000 வெள்ளி 52 வாரத்தில் ஏறக்குறைய 142,000 வெள்ளி ஆக வேண்டும். அப்படி ஒரு வித்தை தெரிந்தவர் உங்களிடம் 300 வெள்ளி கேட்டு ஏன் வருகிறார்? இந்தக் கணக்கைக் கடையில் பலருக்கு எழுதிக் காட்டியிருக்கிறேன். வாயால் சொல்வதைவிடத் தாளில் எழுதிக் காட்டும்போதுதான் நிற்கிறது. "மூணு மணி நேரத்துல 500 வெள்ளி 5,000 ஆகும்" என்ற வகை விளம்பரத்துக்குக் கணக்கே தேவையில்லை.

இன்னொன்று: 'நஷ்டமே கிடையாது, உத்தரவாதம்' என்ற சொல். பங்குச் சந்தையிலோ, தங்கத்திலோ, கிரிப்டோவிலோ அப்படி உத்தரவாதம் தரக்கூடியவர் யாரும் இல்லை.

மூன்றாம் படி: உரிமம் உண்டா என்று நீங்களே தேடுங்கள்

மலேசியாவில் மக்களிடம் பணம் வாங்கி முதலீடு செய்து கொடுக்க மூலதனச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் உரிமம் வேண்டும். 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை மற்றும் சேவைகள் சட்டப்படி, உரிமம் இல்லாமல் அந்தத் தொழில் செய்தால் 10 ஆண்டு வரை சிறையோ, 1 கோடி வெள்ளி வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வைப்புத் தொகை வாங்க வேண்டுமானால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அனுமதி வேண்டும். அதற்கு 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டம் இருக்கிறது.

அதனால் மூன்று இடத்தில் பாருங்கள். செக்யூரிட்டீஸ் கமிஷனின் தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. அதே தளத்தில், எச்சரிக்கப்பட்டவர்களின் பெயர்களோடு முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கிறது. பேங்க் நெகாராவும் இப்படி ஒரு எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கிறது. இணையம் பழக்கமில்லாதவர்கள் செக்யூரிட்டீஸ் கமிஷனை 03-6204 8999 என்ற எண்ணிலும், பேங்க் நெகாராவை 1-300-88-5465 என்ற எண்ணிலும் அழைத்துக் கேட்கலாம்.

இங்கே மூன்று இடத்தில் ஜாக்கிரதையாக இருங்கள். முதலாவது, அவர்கள் அனுப்பும் இணைப்பைத் தொட்டுச் சரிபார்க்காதீர்கள். அது அவர்களே செய்த போலித் தளமாக இருக்கும். இரண்டாவது, உண்மையான நிறுவனத்தின் பெயர், சின்னம், உரிம எண் எல்லாவற்றையும் திருடிப் பயன்படுத்துவார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பட்டியலில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்து, "இந்த ஆள் உங்க ஆளா?" என்று கேட்க வேண்டும். உங்களுக்கு மெசேஜில் வந்த எண்ணுக்கு அழைத்தால் அவர்கள்தான் எடுப்பார்கள்.

மூன்றாவது, எஸ்.எஸ்.எம். (நிறுவனப் பதிவு ஆணையம்) சான்றிதழ். "பாருங்கம்மா, அரசாங்கத்துல ரெஜிஸ்டர் பண்ண கம்பெனி" என்று அந்தத் தாளைக் காட்டுவார்கள். என் கடைக்கும் எஸ்.எஸ்.எம். பதிவு உண்டு. வணிகப் பெயரில் பதிய வருடத்துக்கு 60 வெள்ளி. அது எனக்குப் போட்டோஸ்டேட் எடுக்க உரிமை தருகிறது. உங்கள் பணத்தை வாங்கி முதலீடு செய்ய உரிமை தரவில்லை.

நான்காம் படி: பணம் போகும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

எல்லாப் படியிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வங்கி ஆப்பில் கணக்கு எண்ணையோ டூயிட்நவ் (உடனடிப் பணப் பரிமாற்ற) எண்ணையோ தட்டியதும், பணத்தை அனுப்பும் முன் பெறுநர் பெயர் திரையில் வரும். அந்தப் பெயரை உரக்க வாசியுங்கள். சின்னம்மாவின் ஐந்து ரசீதுகளையும் கடை மேசையில் வரிசையாக வைத்தேன். முதலில் ஓர் ஆண் பெயர். அடுத்தது ஒரு பெண் பெயர். மூன்றாவது மரச்சாமான் விற்கும் ஏதோ எண்டர்பிரைஸ். கடைசி இரண்டும் மறுபடி வேறு வேறு தனியாள்கள். ஐந்து தடவை, ஐந்து பெயர். முதலீட்டு நிறுவனம் என்று அவர்கள் சொன்ன பெயர் ஒன்றில்கூட இல்லை. சின்னம்மா அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பேர் வந்துச்சுடா தம்பி. நான் நம்பர் சரியா இருக்கான்னுதான் பாத்தேன்" என்றார்.

ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்று கேட்டால், "நிறுவனத்தின் ஏஜென்ட் கணக்கு" என்பார்கள், "வரி மிச்சப்படுத்த" என்பார்கள். உரிமம் பெற்ற எந்த நிறுவனமும் உங்கள் முதலீட்டை ஒரு தனியாளின் சொந்தக் கணக்கில் வாங்காது.

அந்தக் கணக்கு எண்ணையும், அவர்களின் தொலைபேசி எண்ணையும் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பாருங்கள். வணிகக் குற்றப் புலனாய்வுத் துறை நடத்தும் தளம் அது. புகார் உள்ள எண்ணாக இருந்தால் காட்டும். ஆனால் 'பதிவு இல்லை' என்று வந்தால் நல்ல கணக்கு என்று பொருளில்லை. யாரும் இன்னும் புகார் கொடுக்காத புதுக் கணக்காக இருக்கலாம்.

ஐந்தாம் படி: ஆப்பை எங்கிருந்து இறக்குகிறீர்கள்?

வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பி "இதைத் தொட்டு இன்ஸ்டால் பண்ணுங்க" என்றால் செய்யாதீர்கள். அத்தகைய ஆப் உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கும், வங்கி விவரங்களைத் திருடும். திரையில் காட்டும் லாபம் வெறும் எழுத்து. நான் கடையில் தட்டச்சு செய்யும் எழுத்துக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

ஏற்கெனவே பணம் போட்டுவிட்டீர்களா? இங்கிருந்து தொடங்குங்கள்

வெட்கம் வரும். அழுகை வரும். அதெல்லாம் ராத்திரிக்கு இருக்கட்டும். பணம் போன முதல் சில மணி நேரம்தான் அதை வழியில் மறிக்கக்கூடிய நேரம். உங்கள் பணம் முதல் கணக்கில் தங்குவதில்லை. அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது கணக்குக்குப் பிரிந்து ஓடும், பிறகு ஏடிஎம்மில் எடுக்கப்படும் அல்லது கிரிப்டோவாக மாறும்.

முதலில், இன்னும் ஒரு காசுகூட அனுப்பாதீர்கள். 'வரி', 'கணக்கைத் திறக்கும் கட்டணம்', 'சரிபார்ப்பு வைப்புத் தொகை' எல்லாம் அதே மோசடியின் அடுத்த தவணை. மலேசியாவில் வருமான வரியை வருமான வரி வாரியத்துக்கே நேராகக் கட்டுகிறோம். முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கு வழியாக எந்த வரியும் வசூலிக்கப்படுவதில்லை. உங்கள் சொந்தப் பணத்தை எடுக்க வெளியிலிருந்து புதிதாகப் பணம் கட்டச் சொல்லும் நியாயமான நிறுவனம் எதுவும் இல்லை.

அடுத்து உங்கள் வங்கியை அழையுங்கள். ஏடிஎம் கார்டின் பின்புறம் எண் இருக்கிறது. மோசடிப் புகாருக்கென்று வங்கிகள் தனித் தொலைபேசி எண் வைத்திருக்க வேண்டும் என்று பேங்க் நெகாரா 2022இல் அறிவித்திருக்கிறது. "மோசடிக்குப் பணம் அனுப்பிவிட்டேன், நிறுத்த முடியுமா?" என்று நேராகச் சொல்லுங்கள். வங்கி ஆப்பில் உங்கள் கணக்கை நீங்களே முடக்கும் 'கில் ஸ்விட்ச்' வசதி இருக்கும். சந்தேகமான ஆப்பை இறக்கியிருந்தால் அந்தக் கில் ஸ்விட்சை உடனே அழுத்துங்கள். கைப்பேசியின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, இன்னொருவர் கைப்பேசியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

அதோடு 997. இது தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த மையத்தில் போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள் எல்லாம் சேர்ந்து பணம் ஓடும் பாதையைத் தேடுகின்றன. பேசும்போது கையில் இருக்க வேண்டியவை: உங்கள் ஐசி (அடையாள அட்டை) எண், எந்த வங்கி, எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள், எவ்வளவு, யார் பெயருக்கு, எந்தக் கணக்கு எண். மலாயில் பேசத் தயக்கமாக இருந்தால் பிள்ளையையோ பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவரையோ அருகில் உட்கார வையுங்கள்.

போலீஸ் ரிப்போர்ட்டுக்குத் தாள்களைத் தயார் செய்வது

இது என் கடை வேலை, அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

எதையும் அழிக்காதீர்கள். "கோபத்துல பிளாக் பண்ணி எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேன்" என்று வருபவர்களுக்கு என்னால் பெரிதாக உதவ முடிவதில்லை. உரையாடலைத் திறந்து, மேலே உள்ள பெயரைத் தொட்டால் எண் தெரியும். அதை முதலில் படம் பிடியுங்கள். பிறகு குரூப்பின் பெயர், 'பேராசிரியர்' எண், விளம்பரம் வந்த பேஸ்புக் பக்கம், தளத்தின் முழு முகவரி, ஆப்பின் பெயர். பிறகு உரையாடல், தொடக்கத்திலிருந்து. வாட்ஸ்அப்பில் ஓர் உரையாடலை முழுக்கக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதியும் இருக்கிறது. சின்னம்மாவின் உரையாடல் 63 பக்கம் வந்தது. அதில் பாதி, சாப்பிட்டீர்களா என்ற கேள்விகள்தான்.

பிறகு ஒரே ஒரு தாளில் தேதி வரிசைப்படி எழுதுங்கள். தேதி, நேரம், தொகை, பெறுநர் பெயர், வங்கி, கணக்கு எண், அன்று என்ன சொல்லி வாங்கினார்கள். கடைசி வரியில் மொத்தம். இந்த ஒரு தாள் ரிப்போர்ட் எழுதுபவருக்கும் விசாரணை அதிகாரிக்கும் எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும். சின்னம்மாவின் தாளை மலாயில் நான் தட்டச்சு செய்தேன், ஐந்து வரிதான். அதை வாசிக்கச் சொன்னபோது கடைசி எண்ணை வாசிக்கவில்லை, விரலை வைத்துக் காட்டினார்.

ரிப்போர்ட்டை எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். "மோசடி செய்தவன் கேஎல்ல இருக்கான், அங்க போகணும்" என்று நினைக்க வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தொகையும் கணக்கு எண்ணும் தப்பாகப் பதிந்தால் பின்னால் திருத்த அலைய வேண்டும். ரிப்போர்ட் நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். வங்கியிலும் அது தேவைப்படும்.

வங்கி சரியாக நடந்துகொள்ளவில்லை என்று நினைத்தால், முதலில் வங்கியிலேயே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். அதன் பதில் திருப்தி இல்லை என்றால் நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்பான எஃப்.எம்.ஓ.எஸ்.-க்குப் போகலாம். 2025 ஜனவரி 1 முதல் அது செயல்படுகிறது. உங்களுக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டதும், நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பியதும் ஒன்றாகப் பார்க்கப்படாது. சின்னம்மா போல நாமே அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

கடன் வாங்கிப் போட்டிருந்தால் வட்டிக்காரனிடம் இன்னொரு கடன் வாங்கி அடைக்கப் பார்க்காதீர்கள். பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. இலவசமாகக் கடன் ஆலோசனை தருகிறது, வங்கிக் கடன் தவணையை மாற்றி அமைக்கவும் உதவுகிறது.

இரண்டாவது மோசடி, இன்னும் கொடியது

ரிப்போர்ட் கொடுத்த இரண்டே வாரத்தில் சின்னம்மாவுக்கு ஒரு மெசேஜ். "நாங்கள் வழக்கறிஞர் குழு. உங்கள் 38,000 வெள்ளியை மீட்டுத் தருகிறோம். முன்பணம் 1,500." தொகை ஒரு வெள்ளிகூடப் பிசகாமல் சரியாக இருந்தது. அந்தத் தொகை முதலில் ஏமாற்றியவர்களுக்குத்தான் தெரியும். ஏமாந்தவர்களின் பட்டியலை விற்கிறார்கள், அல்லது அதே ஆட்களே வேறு வேஷத்தில் வருகிறார்கள். பேஸ்புக்கில் 'மோசடிப் பணம் மீட்பு' என்று வரும் விளம்பரங்களும் இப்படித்தான். 997க்கு நீங்கள் அழைக்கிறீர்கள். பணம் கேட்டு யாராவது உங்களை அழைத்தால் அது அரசாங்கம் இல்லை.

வீட்டில் உள்ளவர்கள் எப்படிப் பேச வேண்டும்

அன்று சின்னம்மா 6,500 கேட்டபோது, என் வாயில் முதலில் வந்தது "இவ்ளோ வருஷம் உழைச்ச காச இப்படியா கொடுப்பீங்க?" என்பதுதான். அவர் கைப்பேசியை மூடிப் பையில் வைத்தார், எழுந்துவிட்டார். அந்த நொடியில் அவர் போயிருந்தால் ஒட்டுக்கடைக்காரரிடமோ வட்டிக்காரரிடமோ அந்தப் பணத்தை வாங்கிக் கட்டியிருப்பார். கதவருகே போய் மன்னிப்புக் கேட்டு உட்கார வைத்தேன்.

பிறகு கேட்ட கேள்விகள் வேலை செய்தன. "சின்னம்மா, முதல்ல போட்டது எப்போ? ரசீது இருக்கா? அதுல யார் பேரு இருக்கு, நீங்களே வாசிங்க." மோசடி என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. மூன்றாவது ரசீதை வாசிக்கும்போது அவரே நிறுத்திவிட்டார்.

நம்ப மறுத்தால் வாதம் செய்யாதீர்கள். "ஆப்பில் இருக்கும் 91,000த்தில் அந்த 6,500ஐக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பச் சொல்லுங்க" என்று அவர்களிடமே எழுதச் சொல்லுங்கள். முடியாது என்பதற்கு வரும் காரணங்களைச் சேர்ந்து வாசியுங்கள்.

பணத்தை இழந்தவரை அந்த முதல் வாரத்தில் தனியே விடாதீர்கள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்பது போல ஏதாவது பேசினால் அதைப் புலம்பல் என்று தள்ளாதீர்கள். மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555, இரண்டுக்கும் அழைக்கலாம்.

இளைஞர்களிடம் ஒரு வார்த்தை

அந்த ஐந்து ரசீதில் இருந்த கணக்குகள் எல்லாம் உண்மையான மனிதர்கள் திறந்தவை. அவர்களில் பலர் சில நூறு வெள்ளிக்கு ஏடிஎம் கார்டையும் கடவுச்சொல்லையும் கொடுத்தவர்களாக இருப்பார்கள். நம் டவுனிலும் படிவம் ஐந்து (இடைநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பு) முடித்த பையன்களிடம், "கார்ட கொடு, மாசம் 500 தரேன்" என்று கேட்கிறார்கள். 2024இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, கணக்கை இப்படி அடுத்தவருக்குக் கொடுப்பது தனிக் குற்றமாகிவிட்டது. அந்த 500க்குப் பின்னால் யாரோ ஒருவரின் சின்னம்மா இருக்கிறார். கார்டைக் கொடுத்துவிட்டிருந்தால் இன்றே வங்கிக்குப் போய்க் கணக்கை மூடச் சொல்லி, போலீஸ் ரிப்போர்ட் கொடுங்கள்.

கோப்பைப் பின்தொடருங்கள்

ரிப்போர்ட் கொடுத்த பிறகு வழக்கு மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் ஒரு விசாரணை அதிகாரிக்குப் போகும். அவருடைய பெயரையும் எண்ணையும் ரிப்போர்ட் நகலின் பின்புறத்திலேயே எழுதி வையுங்கள். வாக்குமூலத்துக்கு அழைத்தால் கைப்பேசி, ரசீதுகள், அந்த ஒரு தாள், மூன்றையும் எடுத்துப் போங்கள். கைப்பேசியை மாற்றினாலும் பழையதைத் தூக்கி எறியாதீர்கள், எண்ணையும் மாற்றாதீர்கள்.

சின்னம்மா எல்லாவற்றையும் ஒரு பச்சை ஃபைலில் போட்டு சாமி மேடைக்குக் கீழே வைத்திருக்கிறார். மாதத் தொடக்கத்தில் கடைக்கு வருவார், ஸ்பீக்கரைப் போட்டு அதிகாரியை அழைப்போம். ஐந்து கணக்கில் ஒன்றில் இருந்தவரை விசாரணைக்கு எடுத்திருக்கிறார்கள், போன முறை அவ்வளவுதான் சொன்னார்கள். அதைத் தேதி போட்டு ஃபைலின் உள்பக்கத்தில் எழுதினார், அடுத்து எந்தத் திங்கட்கிழமை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதினார்.